வாசனை இல்லாத வீடு

ட்வைலாவும் நானும் தொழிற்சாலையில் ஒரே மேசையின் இரண்டு பக்கத்தில் நின்று சுவர் ஒட்டியவர்கள். அவள் பசையைத் தெளிப்பாள், நான் பலகையை இறக்குவேன், உருளை வந்து அழுத்தும், உடனே அடுத்த சுவர். வடக்கு இந்தியானாவில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடித்ததும் வேறு எங்கே போவார்கள்? காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற ட்ரெய்லர் வீடுகளைச் செய்வதுதான் எங்கள் பிழைப்பு. எத்தனை ட்ரெய்லர் முடிகிறதோ அத்தனைக்குத்தான் கூலி என்பதால் விடிவதற்குள் போய், ஓட்டமும் நடையுமாக வேலையை முடித்து, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்போம். அந்த ஓட்டத்தில் ட்வைலா கிராபரை ஒருவரும் பிடிக்க முடியாது. எதிர்ப்பக்கம் நின்று அவள் வேகத்துக்கு ஈடு கொடுத்த ஒரே ஆள் நான். இதை நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

புது ட்ரெய்லரின் கதவைத் திறந்தால் குப்பென்று ஒரு வாடை வரும். பசை, பலகை, தரை விரிப்பு, மெத்தை நுரை எல்லாம் கலந்தது. எங்கள் ஊரில் அதற்குப் பெயர் சம்பள வாசனை. அதற்கு மூக்கைச் சுளிப்பவர்களை எங்களுக்குப் பிடிக்காது. அதனால்தான் ட்வைலாவுக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை என்றபோது ஊரே அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தது.

முதலில் தலைவலி என்றாள். பிறகு நாக்கு நுனி மரத்துப்போகிறது என்றாள். ஒரு நாள் பசைத் துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். உதடு நீலம் பூத்திருந்தது. அன்றோடு அவள் வேலை போயிற்று. பசையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அதற்குப் பிறகு சென்ட், புதுப் பெயின்ட், வாசனைச் சோப்பு, எதன் பக்கம் போனாலும் மூச்சு இறுகியது. விறகுப் புகை மட்டும் அவளை ஒன்றும் செய்யாது. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். டாக்டருக்கே தெரியவில்லை. "வேலை செய்ய உடம்பு வளையல, அதான் நாக்கு மரக்குது" என்று காலை இடைவேளையில் சாப்பாட்டு அறையில் ஒருவன் சொன்னான். நான் அவன் கிண்ணத்திலிருந்த சூப்பை அவன் மடியில் கவிழ்த்தேன். அதற்காக எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை.

அவள் குடியிருந்த மாடிக்கு வீட்டுக்காரர் புதுக் கம்பளம் போட்டார். இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள், எங்கள் கண்ணாடி வராந்தாவிலேயே தங்கிவிட்டாள். பனிக்காலத்திலும் ஜன்னலை ஒரு விரல் திறந்து வைத்து, கம்பளிக்குள் சுருண்டு தூங்குவாள். நான் வாசனைச் சோப்பைத் தூக்கி எறிந்தேன். என் கணவர் வெர்லின், தாடி மழித்த பிறகு பூசிக்கொள்ளும் திரவத்தை விட்டுக் கொடுத்தார். கல்யாணத்தன்றுகூட எனக்காக அவர் இவ்வளவு விட்டுக் கொடுத்ததில்லை.

அப்படி இருக்கையில்தான், ட்வைலா எழுதிப் போட்டிருந்த ஒரு வேலைக்காக மிச்சிகனின் வடகோடியிலிருந்து போன் வந்தது. பெரிய ஏரிக் கரையில் காட்டுக்குள் ஒரு சின்ன முகாம். விடுமுறைக்கு ட்ரெய்லரோடு வந்து தங்குகிறவர்களுக்கு இடம் காட்டி, விறகு கொடுத்து, குப்பையைப் பார்த்துக்கொள்ள ஒரு முகாம் பொறுப்பாளர் வேண்டும். காட்டிலாகா அதிகாரி ஆஸ்ட்ராண்டர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். அடுத்த வருஷம் வசந்தம் முடிவதற்குள் சொந்த ட்ரெய்லரோடு வந்து, குளிர் தொடங்கும்வரை அதிலேயே இருக்க வேண்டும்.

"ட்ரெய்லரா? உன்னைப் படுக்க வச்சதே அதுதானடி!" என்றேன்.

"அதனாலதான் சொல்றேன். எந்தச் சுவருக்குள்ள எது இருக்குன்னு எனக்குத் தெரியும். வேற எந்த வீட்டைப் பத்தி எனக்கு அவ்வளவு தெரியும்?"

"இங்க உனக்கு என்ன குறை?"

"ஒரு குறையும் இல்ல. அதுதான் குறை. உன் வராந்தாவுல பூத்தொட்டி மாதிரி உட்கார்ந்திருக்கேன். எனக்கு வேலை வேணும் மார்லிஸ். என் கதவை நானே திறந்து, நானே சாத்தணும்."

எனக்குச் சுருக்கென்றது. அன்று முழுவதும் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவினேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால் நான் அவள் இடத்தில் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

பழைய ட்ரெய்லர் வேண்டாம் என்றாள். பழையதில் பூஞ்சை இருக்கும், யாரோ குடித்த சிகரெட் இருக்கும், அதெல்லாம் போகவே போகாது. புதுசின் வாடை நாளாக நாளாகக் குறையும். எங்கள் தொழிற்சாலையிலிருந்தே, வெளித்தகட்டில் அடி வாங்கித் திரும்பி வந்த ஒரு சின்ன ட்ரெய்லரை வாங்கி எங்கள் முற்றத்தில் நிறுத்தினாள். வந்த அன்றே மெத்தை, திரை, இருக்கைத் திண்டு எல்லாவற்றையும் பிடுங்கி வெளியே போட்டாள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வெட்டி, காய்கறி பதப்படுத்தும் கண்ணாடி ஜாடிகளில் போட்டு மூடி வெயிலில் வைத்தாள். சாயங்காலம் ஒவ்வொரு மூடியாகத் திறந்து, லேசாக முகர்ந்து, நாக்கு நுனி என்ன சொல்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். தேறாத பொருளுக்கு ட்ரெய்லருக்குள் இடமில்லை.

"இந்த வருஷம் பனிக்காலத்துக்கு வெள்ளரிக்காய் இல்லையா? மெத்தை நுரைதான் ஊறுகாயா?" என்று வெர்லின் கேட்பார்.

"உங்களையும் ஒரு ஜாடியில போட்டுப் பார்க்கணும். மூடி பத்தாது" என்பாள்.

பிறகு சூடு போட ஆரம்பித்தாள். ஜன்னல்களையெல்லாம் இறுக்கி மூடி, உள்ளே ஹீட்டரை முழுச் சூட்டில் ஓடவிட வேண்டும். சூட்டில் பலகைக்குள் இருக்கிற வாடையெல்லாம் வெளியே வரும். பிறகு எல்லாவற்றையும் திறந்து, விசிறியை வைத்து அதை வெளியே துரத்த வேண்டும். மறுபடி மூட வேண்டும், மறுபடி துரத்த வேண்டும். இண்டு இடுக்கில் பச்சையாகத் தெரிந்த பலகை விளிம்புகளுக்கெல்லாம் வாடையை அடைக்கிற பூச்சைப் பூசினாள். கோடை முழுக்க இதே வேலை. பக்கத்து வீட்டார் வேலியோரம் வந்து, "என்ன ட்வைலா, வெந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

முதலில் வாசற்படியில் நின்று எட்டிப் பார்க்கத்தான் முடிந்தது. இலை உதிர்ந்த சமயத்தில் உள்ளே உட்கார்ந்து ஒரு காப்பி குடித்தாள். பனி உருகுவதற்குள் ஒரு மத்தியானம் முழுக்க உள்ளேயே ஸ்வெட்டர் பின்னினாள். வெளியே வந்ததும் எங்களைப் பார்த்து நாக்கை நீட்டிக் காட்டினாள். நுனி மரத்துப்போகவில்லை. இனி அங்கே படுத்துத் தூங்குவதுதான் பாக்கி.

ஏப்ரலில் ஆஸ்ட்ராண்டர் முகாம் பொறுப்பாளர்களையெல்லாம் ஒரு கூட்டத்துக்கு அழைத்தார். என் காரின் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, குளிரில் விறைத்தபடி நாங்கள் இருவரும் போனோம். ட்ரெய்லரில் கடைசிச் சூடு ஓடிக்கொண்டிருந்தது. யாரும் உள்ளே போய்விடக் கூடாது என்று கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள்.

வெர்லினைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பனிக்காலத்தில் ட்ரெய்லர்களை நிறுத்தி வைக்கிற மைதானம் ஒன்று எங்கள் ஊரில் உண்டு. ஓய்வு பெறும்வரை இவருக்கு அங்கேதான் வேலை. அங்கே பெரிய எதிரி எலி. எலி வராமலிருக்க எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வது ஒன்றுதான்: துணி உலர்த்தும் இயந்திரத்தில் போடுகிற வாசனைத் தாள்களை மூலை முடுக்கெல்லாம் செருகி வைப்பது. எலி ஓடுகிறதோ இல்லையோ, மனிதர்களுக்கு ஒரு திருப்தி. இவர் ஆயிரம் ட்ரெய்லருக்காவது செருகியிருப்பார்.

நாங்கள் இல்லாதபோது ட்வைலாவின் ட்ரெய்லரடியில் எலிப் புழுக்கையைப் பார்த்திருக்கிறார். இவ்வளவு பாடுபட்ட வீட்டை எலி கடிக்கலாமா என்று மனிதருக்குப் பொறுக்கவில்லை. கதவுக்குச் சாவி இல்லை. ஆனால் எங்கள் ஊர் ட்ரெய்லர்களின் வெளிப்பக்கச் சாமான் பெட்டிக்கெல்லாம் ஒரே சாவிதான், அது எல்லார் பையிலும் கிடக்கும். கட்டிலுக்கு நேர் கீழே இருக்கும் அந்தப் பெட்டியைத் திறந்து, அந்தத் தொப்பையோடு அதற்குள் நுழைந்து, கட்டில் பலகையைத் தலையால் முட்டித் தூக்கிக்கொண்டு உள்ளே ஏறியிருக்கிறார். இரண்டு பெட்டி வாசனைத் தாள். இழுப்பறைகளில், கட்டிலுக்கடியில், சூடு வருகிற குழாய்களின் வாயில். வேலை முடிந்ததும் வந்த வழியே இறங்கிப் பெட்டியைப் பூட்டிவிட்டார். ஹீட்டர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்ததும் ட்வைலா நேரே போய்க் கதவைத் திறந்தாள். திறந்த வேகத்தில் பின்னால் நகர்ந்தாள். அங்கிருந்து தள்ளி நின்ற என் மூக்குக்கே சலவைக்கடை போல அடித்தது. அவள் தள்ளிப் போய்ப் புல்லில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

வெர்லின் சிரித்த முகத்தோடு வந்தார். "எலி வந்துச்சு. நல்லவேளை நான் பார்த்தேன். ஒண்ணு பாக்கியில்லாம அடைச்சுட்டேன்." சொல்லி முடிப்பதற்குள் அவர் முகமே மாறிவிட்டது. தான் செய்தது என்ன என்று அப்போதுதான் உறைத்திருக்கிறது.

"உங்க மூளையை எலி தின்னுடுச்சா? உங்க சென்ட்டை எதுக்குத் தூக்கி எறிஞ்சோம்? வேடிக்கைக்கா?" என்று நான் பிடித்துக்கொண்டேன்.

"தாள்தானே, மார்லிஸ்... கை பாட்டுக்குச் செஞ்சுடுச்சு..."

"அந்தக் கையை..."

"விடுடி" என்றாள் ட்வைலா. குரல் ஏற்கெனவே கம்மியிருந்தது. "அவர் வேணும்னேவா செஞ்சாரு? சூட்டுல எல்லாம் பலகைக்குள்ள இறங்கியிருக்கும். ஆஸ்ட்ராண்டர்கிட்ட நான் வரலைன்னு சொல்லிடு. வேற ஆளைப் பார்த்துக்கட்டும்."

வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். நான் போன் பண்ணவில்லை. பண்ண எனக்குக் கை வரவில்லை.

மறுநாள் விடிவதற்கு முன்னால் வெர்லினைப் படுக்கையில் காணோம். எங்கே போனார் என்று பிறகுதான் தெரிந்தது. தொழிற்சாலை வாசலில் நின்று, வேலைக்கு வந்த ஒவ்வொருவரையும் நிறுத்தி, தான் செய்த கோமாளித்தனத்தைத் தன் வாயாலேயே சொல்லியிருக்கிறார். ட்வைலாவின் நோயைக் கேலி பேசியவர்களிடமும் சொல்லியிருக்கிறார். கௌரவம் பார்க்கிற மனிதர், தவறைத் தன்மேல் போட்டுக்கொண்டு அப்படி நின்றது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்த ஓர்வின் என்ற தச்சர், காரும் மின்சாரமும் வேண்டாம் என்று பழைய முறையில் வாழ்கிற அமிஷ் மதக்காரர், தாடியை நீவியபடி, "மாட்டறதுக்கு ஒரு வரிசை இருக்குல்ல? கழட்டறதுக்கும் அதே வரிசைதான், பின்னாலேர்ந்து. சனிக்கிழமை வர்றோம்" என்றாராம்.

சனிக்கிழமை காலையில் வாசலில் ஆட்களைப் பார்த்ததும் ட்வைலா எழுந்து உட்கார்ந்தாள். "இதென்ன கூட்டம்?"

"உன் வீட்டைப் பிரிச்சுப் போட வந்திருக்காங்க. வேண்டாம்னா நீயே போய்ச் சொல்லு" என்றேன்.

அவள் சொல்லவில்லை. நேரே கேட்டுக்குப் போய் நின்றாள். ஒவ்வொருவரும் அவள் முன்னால் வந்து நின்று மூக்குச் சோதனையில் தேற வேண்டும். ஓர்வினும் அவருடைய மைத்துனர்கள் இருவரும் நிற்காமலே தேறினார்கள். அவர்கள் வீட்டில் மின்சாரமும் கிடையாது, உலர்த்தும் இயந்திரமும் கிடையாது. வீட்டில் காய்ச்சிய சோப்பும் கொடியில் காய்ந்த சட்டையும்தான். தேறாதவர்கள் நாங்கள்தான். தொழிற்சாலையில் மெருகு போடும் பிரிவில் இருக்கிற ஷெல்பியின் தலையில் அடித்திருந்த ஸ்ப்ரேயை, ஏப்ரல் குளிரில் வெளிக் குழாயடியில் உட்கார வைத்து அலசினோம். அவள் போட்ட கூச்சலுக்குப் பக்கத்து வீட்டு நாய் பதில் சொன்னது. என் ஸ்வெட்டரும் தேறவில்லை. வெர்லினை மூன்று தடவை திருப்பி அனுப்பினாள். கடைசியில் ஓர்வின் கொண்டுவந்திருந்த மாற்று உடையை, கறுப்புக் கால்சட்டை தோள்பட்டியோடு மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"இப்ப பார்க்க மனுஷன் மாதிரி இருக்கீங்க. உள்ள போங்க" என்றாள் ட்வைலா. இரண்டு நாளைக்குப் பிறகு அவள் பேசிய முதல் கேலி அது.

எங்கள் ஆட்கள் மெதுவாக வேலை செய்யத் தெரியாதவர்கள். கூலி இல்லாத அன்றும் அதே ஓட்டம்தான். இழுப்பறைகள் வெளியே வந்தன, கட்டில் பலகை வந்தது, கூரைத் துணி வந்தது, தரைக்கடியில் ஓடும் சூட்டுக் குழாய்கள் பாம்பு பாம்பாக வந்தன. வாடை ஏறிய குழாய்களைக் கழித்துவிட்டுப் புதுசு போட்டார்கள். மற்றதையெல்லாம் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் முக்கி முக்கித் துடைத்தோம். இழுப்பறைகளையும் கட்டிலையும் ஓர்வின் வெறும் மேப்பிள் பலகையில், ஒரு சொட்டுப் பசை இல்லாமல் திருகாணியிலேயே கோத்தார்.

ட்வைலா காற்று வரும் பக்கமாகக் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தாள். "அதுக்கடியில இன்னொரு பலகை இருக்கு. ஆமா, அதுதான். அதையும் எடுங்க." கட்டிலோரத்து உள்சுவரில் வாசனை ஊறிப்போயிருந்தது, துடைத்தும் போகவில்லை. அதையும் கழற்றிப் புல்லில் போட்டார்கள். மேப்பிள் பலகைகளை வரிசையாக அடுக்கிப் புதுச் சுவர் கோக்க வேண்டும். ஷெல்பி ஒரு முனையைத் தப்பாகப் பிடித்தாள். அதைப் பார்த்துக்கொண்டு ட்வைலாவால் உட்கார முடியவில்லை.

"நகரு" என்று எழுந்து வந்தாள். பலகையின் ஒரு பக்கம் அவள், மறுபக்கம் நான். அவள் கை போகுமிடம் என் கைக்குத் தெரிந்திருந்தது. சுற்றி நின்றவர்கள் வேலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். சூப்பு மடியில் விழுந்தவனும் அங்கே நின்றிருந்தான். என் ஆயுசில் எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது அந்த ஒரு வேளைதான்.

மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. முடிந்த ட்ரெய்லரின் பின்சுவரில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு தட்டி அனுப்புவது எங்கள் வழக்கம். ஓர்வின் அந்தத் தட்டை ட்வைலாவுக்கு விட்டுவிட்டு ஒதுங்கினார். அவள் தட்டிய தட்டில் கோழிகள் சிதறின.

அதற்குப் பிறகும் ஒரே நாளில் ஒன்றும் மாறிவிடவில்லை. திறந்து போட்டோம், துரத்தினோம், மறுபடியும் சோடா போட்டுத் துடைத்தோம். அதற்குள் ஆஸ்ட்ராண்டரே கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க. அடுத்த ஆள் காத்துக்கிட்டிருக்காங்க."

வியாழக்கிழமை மத்தியானம் பருத்தி மெத்தையைப் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாள். நானும் வெர்லினும் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். மூச்சு இறுகினால் சுவரில் தட்ட வேண்டும், நாங்கள் ஓடிப்போய்த் திறக்க வேண்டும். தட்டவில்லை. ரொம்ப நேரம் தட்டவில்லை. வெர்லின் எழுந்து போய்க் கதவில் காதை வைத்தார். அவர் முகத்தைப் பார்த்து நானும் எழுந்து ஓடினேன்.

"குறட்டை" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது.

சாயங்காலம் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது. "ரெண்டு பேரும் என்ன, பிணத்துக்குக் காவல் மாதிரி உட்கார்ந்திருக்கீங்க? காப்பி இல்லையா?" என்றாள். நாக்கை நீட்டச் சொன்னேன். நீட்டினாள். நான் அழுதுவிட்டேன், மறைக்கவும் இல்லை. அவள் உள்ளே போய் ஆஸ்ட்ராண்டருக்குப் போன் பண்ணினாள்.

ஜூலையில் நாங்கள் அவளைப் பார்க்கப் போனோம். முகாமின் முதல் இடத்தில் அவள் ட்ரெய்லர். அடி வாங்கிய பக்கத்தை ஏரியைப் பார்க்கத் திருப்பி நிறுத்தியிருந்தாள். காக்கிச் சட்டை, முதுகு நிமிர்ந்த நடை. விறகு கேட்பவர்களை வரிசையில் நிற்க வைத்து அதட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போது சிகாகோவிலிருந்து ஒரு குடும்பம் பளபளவென்று புத்தம் புது ட்ரெய்லரோடு வந்து இறங்கியது. குழந்தையின் கண் சிவந்து வழிந்துகொண்டிருந்தது. தகப்பன் கதவைத் திறந்ததும் எங்கள் ஊர்ச் சம்பள வாசனை குப்பென்று வெளியே வந்தது.

"மூச்சு விட முடியல. இந்தக் கண்றாவியை யாருதான் செய்யறாங்களோ!" என்றான்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ட்வைலா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். மூக்கைப் பொத்திக்கொள்ளாமல், இரண்டடி தள்ளி நேராக நின்றாள்.

"நான்தான்" என்றாள்.

அவன் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"இருபத்தஞ்சு வருஷம் செஞ்சேன். இந்த வாடையில என் உடம்பு போச்சு, நீங்க சொல்றதுல தப்பில்ல. மெத்தையை எடுத்து வெயில்ல போடுங்க. கூரை ஜன்னலைத் திறங்க. எப்படித் துரத்தணும்னு நான் சொல்லித் தர்றேன். நாத்தம் போயிடும், சுவர் நிக்கும். குழந்தையை என் வீட்டுல படுக்க வைங்க, அங்க எந்த வாசனையும் கிடையாது."